எல்லா நாளும் நாலு டிகிரி



கொஞ்சம் நீளமான இழை. ஒரு சின்ன ரிஜிஸ்டரில் ஆரம்பித்து பெரிய பெரிய டேங்குகளில் போய் நிற்கும். பொறுமையா படிங்க.

எம்பிபிஎஸ் முடித்து அரசுப் பணியில் சேர்ந்த புதிது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலர் நான். தடுப்பூசி மருந்துகளை ஐஎல்ஆர் என்கிற குளிர்பெட்டியில் வைத்திருப்போம். உள்ளே 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை தெர்மாமீட்டரைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எதற்கும் விலக்கு இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணி. மறுநாள் புதன், தடுப்பூசி நாள். சும்மா ரிஜிஸ்டரைப் புரட்டினேன். 4, 4, 4, 4. மாசம் முழுக்க நாலுதான். அன்றைய தேதியில் மாலைக் கட்டத்திலும் நாலு என்று எழுதியிருந்தது!

"அண்ணே, சாயந்திரம் வரப்போற டெம்பரேச்சர் இப்பவே எப்படித் தெரியும்?"

பார்மசிஸ்ட் அண்ணன் சிரித்தார். "எப்பவும் நாலுதான் சார் இருக்கும்."

நானும் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தேன். தெர்மாமீட்டர் 13 காட்டியது.

சனிக்கிழமை இரவு கரண்ட் போய் வந்ததில் ஸ்டெபிலைசர் ட்ரிப் ஆகியிருக்கிறது. பெட்டியில் குளிர் தாங்கும் வரை தாங்கியது, அப்புறம் மெல்ல மெல்ல ஏறிவிட்டது. ரிஜிஸ்டரில் மட்டும் குளிர் குறையவே இல்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒத்தை ஆளாக இருநூறு பேருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு ரிஜிஸ்டரும் எழுதுகிற மனிதர். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. முந்தைய பக்கங்களின் அடியில், அத்தனை நாலுகளுக்கும் கீழே, ஒரு கையெழுத்து இருந்தது. அது என்னுடையது.

மாவட்டத்துக்குத் தகவல் சொன்னோம். அந்த மருந்துகளைத் தனியே எடுத்து வைத்தோம். புது மருந்து வர ஒரு நாள் ஆனது. புதன்கிழமை, மூணரை மாசக் குழந்தையோடு இரண்டு பஸ் மாறி வந்த ஒரு தாயிடம் "நாளைக்கு வாங்கம்மா" என்றேன். "இன்னைக்குத்தான் சார் வேலைக்கு லீவு சொல்லிட்டு வந்தேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்தக் கதையில் ஒரு ஆறுதல் உண்டு. தடுப்பூசி மருந்து சூடானால் வீரியம் போகும், அவ்வளவுதான். பல குப்பிகளில் வெப்பம் பட்டால் நிறம் மாறுகிற சின்னச் சதுரமே இருக்கும். பார்த்ததும் "நான் கெட்டுட்டேன்" என்று அதுவே சொல்லிவிடும்.

ஆனால் சூடானால் ஊரையே அழிக்கிற சரக்குகளும் குளிரை நம்பித்தான் இருக்கின்றன. அவற்றின் டேங்குக்கு அந்தச் சதுரம் கிடையாது. ஒரு ரிஜிஸ்டர் மட்டும்தான் உண்டு.

இடைநிலை வேதிப்பொருட்களைத்தான் சொல்கிறேன். அரிசிக்கும் இட்லிக்கும் நடுவில் மாவு இருக்கிறதே, அந்த மாதிரி. கடைசிப் பொருளை நாம் கடையில் வாங்குவோம். நடுவில் இருக்கும் "மாவு" டன் கணக்கில் டேங்கிலும் டேங்கர் லாரியிலும் இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்த மாவு அடங்கிக் கிடக்கும், வெளியில் மறந்துவிட்டால் விடியும்போது பாத்திரம் வழியும். சில இடைநிலைப் பொருட்களும் அப்படித்தான். தானாகவே வினைபுரியும் குணம் அதற்குள் இருக்கிறது, குளிர்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது.

"டன் கணக்கில்" என்பதுதான் இங்கே முக்கியம். விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே புரியும். ஈர வைக்கோலைக் களத்தில் பரப்பினால் காயும். அதையே போராகக் குவித்தால் நடுவில் கை வைக்க முடியாது, கொதிக்கும். குவியல் பெரிதாக ஆக, உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழியில்லை. பாட்டிலில் சாதுவாக இருக்கும் திரவம் பெரிய டேங்கில் வேறு ஆள்.

பொதுவான கணக்கு ஒன்று: சூடு 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். வேகம் கூடினால் இன்னும் சூடு, சூடு கூடினால் இன்னும் வேகம். ஒரு கட்டத்துக்கு மேல் எந்தக் குளிரூட்டியாலும் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. அதனால் பிடிக்க வேண்டிய நேரம், எதுவுமே நடக்காத மாதிரி தெரிகிற நேரம்தான்.

விசாகப்பட்டினம், 2020 மே 7, அதிகாலை 3 மணி வாக்கில். எல்ஜி பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் டேங்க். தெர்மாகோலுக்கும் பல பிளாஸ்டிக்குகளுக்கும் மூலம் இந்தத் திரவம். சாதாரண வெப்பத்திலேயே மெல்ல மெல்லத் தன்னோடு தானே கோர்த்துக்கொள்ளும், கோர்க்கும்போது சூடு விடும். அதனால் குளிர்ச்சியாக வைக்கணும். டிபிசி என்ற தடுப்பானைத் துளி அளவு கலக்கணும். அந்தத் தடுப்பான் வேலை செய்ய ஆக்சிஜன் வேணும். போட்ட தடுப்பானும் நாளாக ஆகத் தீர்ந்துகொண்டே வரும், வெயில் காலத்தில் சீக்கிரமே தீரும். ஆகவே விடாமல் அளந்து பார்க்கணும்.

ஊரடங்கில் ஆலை நின்றது. ஸ்டைரீனுக்கு ஏது ஊரடங்கு? மாநில அரசின் உயர்மட்டக் குழு பிறகு சொன்னவற்றைப் படித்தபோது எனக்கு என் ஐஎல்ஆர்தான் ஞாபகம் வந்தது. குளிரூட்டி இருந்தது, ஆனால் சாயந்திரம் 5 மணிக்கு நிறுத்திவிடுவார்கள். தெர்மாமீட்டர் இருந்தது, ஆனால் டேங்கின் அடியில் மட்டும். அடி குளிர்ந்திருக்க, மேலே கொதித்துக்கொண்டிருந்தது. எழுதிய எண் பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. தடுப்பான் கையிருப்பு இல்லை. விபத்துக்குப் பிறகு குஜராத்தின் வாபியிலிருந்து சுமார் 500 கிலோ விமானத்தில் வந்தது.

ஸ்டைரீன் ஆவி காற்றைவிட கனம். தரையோடு தவழ்ந்து தூங்குகிற வீடுகளுக்குள் நுழைந்தது. ஓடியவர்கள் தெருவில் மயங்கி விழுந்தார்கள். 12 பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள்.

அதற்கு 36 வருடம் முன்பு போபால். 1984 டிசம்பர் 2 இரவு. யூனியன் கார்பைடு ஆலையில் பூச்சிமருந்துக்கான இடைநிலைப் பொருள், மெத்தில் ஐசோசயனேட். 39 டிகிரியிலேயே கொதித்துவிடும். தண்ணீர் பட்டால் சூடு கக்கும். அதனால் 0 டிகிரியை ஒட்டி வைக்க வேண்டிய சரக்கு. அந்தக் குளிரூட்டியை ஜூன் மாதமே நிறுத்திவிட்டார்கள், அதிலிருந்த குளிர்வாயு வேறு வேலைக்குப் போனது. 11 டிகிரியைத் தாண்டினால் அடிக்க வேண்டிய அலாரத்துக்கு அதன்பிறகு அர்த்தமே இல்லாமல் போனது.

அன்று இரவு டேங்குக்குள் தண்ணீர் போனது. 10.20 மணிக்கு டேங்க் அழுத்தம் 2 பிஎஸ்ஐ. ஷிஃப்ட் மாறியது. 11 மணிக்குப் புது ஷிஃப்ட் ஆள் பார்த்தபோது 10. நாற்பது நிமிடத்தில் ஐந்து மடங்கு! ஆனால் 2 முதல் 25 வரை வழக்கம்தான் என்பதால் அந்த எண் யாரையும் உலுக்கவில்லை. நள்ளிரவு தாண்டி ஏறத்தாழ 40 டன் வெளியேறியது. அரசுக் கணக்கில் உடனடி மரணங்களே 2,259. பாதிக்கப்பட்டவர்கள் 5 லட்சத்துக்கும் மேல்.

ஒரு மருத்துவராக என்னை அதிகம் வதைக்கிற விஷயம் வேறு. அந்த இரவு ஹமீதியா மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தவர்களைப் பார்த்த டாக்டர்களுக்கு, அது என்ன வாயு என்பதே தெரியாது. கண் எரிச்சலுக்கு மருந்து, மூச்சுக்கு ஆக்சிஜன், வேறென்ன செய்வது? இதற்கு முறிமருந்து இல்லைதான். ஆனால் பெயர் தெரிந்தால் எதை எதிர்பார்க்கணும், யாரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்றாவது தெரியும்.

அனுப்புவதிலும் இதே பாடம்தான். குளிரில் போக வேண்டிய சரக்குக்கு இரண்டு எண்கள் உண்டு. இந்த வெப்பத்துக்கு மேல் போகக் கூடாது என்பது ஒன்று. அதையும் தாண்டி இந்த வெப்பம் வந்தால் அவசர நடவடிக்கை என்பது இன்னொன்று. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் டெக்சாஸில், ஹார்வி புயல் வெள்ளத்தில் க்ராஸ்பி ஊர் அர்கெமா ஆலைக்குக் கரண்ட் போனது. ஆர்கானிக் பெராக்சைடுகளை ஒன்பது குளிர்சாதன டிரெய்லர்களுக்கு மாற்றினார்கள். வெள்ளம் அவற்றையும் விடவில்லை. எரியப்போகிறது என்று தெரிந்ததும் சுற்றி 2.4 கிலோமீட்டருக்கு மக்களை வெளியேற்றினார்கள். எரிந்தது, ஆனால் யாரும் சாகவில்லை. புகையில் சிக்கிய 21 பேர், காவலர்கள் உட்பட, சிகிச்சைக்குப் போனார்கள்.

சரி, இதில் நமக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள்.

ஹைவேயில் கெமிக்கல் டேங்கரைப் பார்த்திருப்பீர்கள். பின்னாலும் பக்கவாட்டிலும் ஒரு பலகை இருக்கும். மோட்டார் வாகன விதிப்படி கட்டாயம். சரக்கின் பெயர், நாலு இலக்க யு.என். எண், அவசர போன் நம்பர் அதில் இருக்கணும். 2055 என்றால் ஸ்டைரீன். 1005 என்றால் அமோனியா.

விபத்தைப் பார்த்தால் கூட்டம் கூடாதீர்கள், பக்கத்தில் போய் வீடியோ எடுக்காதீர்கள். தூரத்திலிருந்தே ஜூம் பண்ணி அந்த நாலு இலக்கத்தைப் படியுங்கள். 112க்கு அழைத்து முதலில் அதைச் சொல்லுங்கள். காற்று வீசும் திசையிலேயே ஓடாதீர்கள், அதற்குக் குறுக்காகப் போங்கள். பள்ளத்தில் இறங்காதீர்கள், மேட்டுக்குப் போங்கள். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரால் 15 நிமிடமாவது கழுவுங்கள், நனைந்த துணியைக் கழற்றிவிடுங்கள். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் என் போன்ற டூட்டி டாக்டரிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள். போபால் டாக்டர்களுக்குக் கிடைக்காதது எங்களுக்குக் கிடைக்கட்டும்.

இதைப் படிப்பவர்களில் மணலியிலோ கடலூர் சிப்காட்டிலோ ராணிப்பேட்டையிலோ நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் இருப்பீர்கள். டேங்கர் ஓட்டும் அண்ணன்மார்கள் இருப்பீர்கள். உங்களுக்குத் தெரியாத வேதியியலை நான் சொல்லிவிடப் போவதில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். எல்லா நாளும் ஒரே எண் இருந்தால் சந்தேகப்படுங்கள். எழுதும் முன் முந்தைய வரியில் என்ன இருந்தது என்று பாருங்கள். மேலே கையெழுத்துப் போடும் அதிகாரிகளே, மாதம் ஒரு முறையாவது பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். இதை உபதேசமாகச் சொல்லவில்லை, திறக்காமல் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு தினமும் காலையில் பார்மசிஸ்ட் அண்ணனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "நேத்து சாயந்திரம் எவ்வளவுண்ணே?" முதல் வாரம் முறைத்தார். அப்புறம் ரிஜிஸ்டரில் 5 வந்தது, 3 வந்தது, கரண்ட் போன நாளில் 7 வந்தது, பக்கத்தில் சிவப்பு மையில் மணியும் வந்தது.

நான் பணி மாறுதலில் கிளம்பிய நாள், கடைசியாகக் கையெழுத்துப் போட ரிஜிஸ்டரை நீட்டினார். வாங்கும் முன்னாடியே அவரே சொன்னார்: "பெட்டியைத் தொறந்து பார்த்துட்டுப் போடுங்க சார்."

திறந்து பார்த்தேன். 5 டிகிரி. போட்டேன்.


உங்கள் அரசு மருத்துவர்