பனியும் பாதமும்

பனி என்னும் ஒரு சொல்லுக்குள் தமிழர் பலவற்றை அடக்கிவிட்டனர். புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. பள்ளத்தாக்கை மூடிக்கிடக்கும் வெண்புகாரும் பனி. இமயத்தின் உச்சியில் உறைந்திருப்பதும் பனியே. ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்த பழந்தமிழ் மரபு, அவற்றுள் இரண்டனை முன்பனி, பின்பனி எனப் பனிக்கே ஒதுக்கியது. எனினும் கடற்கரையிலும் வயல்வெளியிலும் வாழ்ந்த தமிழருக்கு அது போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வதற்குரிய குளிரேயன்றிப் பாதத்தைச் சுடுகின்ற பொருளன்று. பாதத்தைச் சுடும் பனியை நாள்தோறும் மிதித்து வேலைக்குச் செல்லும் தமிழர் இலங்கையின் மத்திய மலைநாட்டிலே உள்ளனர். அவர்களோடு சேர்ந்து அதனை மிதிக்கும் பிறிதோர் உயிரும் உண்டு. அது லயத்து நாய்.

இலங்கையில் வெண்பனி பொழிவதில்லை. ஆனால் கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் அமைந்த நுவரெலியாவிலும், அம்பேவெல, பட்டிப்பொல, ஹோட்டன் சமவெளி ஆகிய உயர்நிலங்களிலும் தை, மாசி மாதங்களில் நிலத்தின்மேல் உறைபனி படிவதுண்டு. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, வானம் முகிலின்றித் தெளிந்து, காற்றும் அடங்கிவிட்ட இரவுகளில், பகலில் நிலம் பெற்ற வெப்பம் தடையின்றி வான்வெளிக்குச் சென்றுவிடுகின்றது. குளிர்ந்த காற்று கனமானது; நீரைப்போலவே சரிவில் வழிந்து பள்ளங்களிலே தங்குகின்றது. ஆதலின் மேட்டுத் தேயிலை தப்பிக்க, ஓடைக்கரைத் தேயிலை கருகிப்போவதைக் காணலாம். கருகிய கொழுந்தின் இழப்பு தோட்டத்துக் கணக்கேட்டில் ஏறும். அதே இரவில் லயத்தின் வாசற்படியில் சுருண்டுகிடந்த நாயின் நிலை எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

அந்நாயின் பாதம் வியப்பிற்குரிய ஒன்று. தடித்த தோலும் அதனடியே கொழுப்பும் கொண்ட மெத்தையாக அது அமைந்துள்ளது. உறைநிலையிலுள்ள தரையில் நெடுநேரம் நின்றும் அது ஏன் உறைந்துவிடுவதில்லை என்னும் வினாவுக்கு, நினோமியா என்னும் யப்பானிய ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 2011ஆம் ஆண்டில் விடை தந்தனர். பாதத்திற்குச் சூடான குருதியைக் கொண்டுசெல்லும் நாடியைச் சுற்றி, குளிர்ந்த குருதியை மீட்டுவரும் நாளங்கள் வலைபோல் நெருங்கிப் பின்னியுள்ளன. செல்லும் குருதியின் வெப்பம் திரும்பும் குருதிக்கு அங்கேயே கைமாறிவிடுகின்றது. குளிர் உடலுக்குள் ஏறுவதில்லை. உடலின் சூடும் வீணே வெளியேறுவதில்லை. ஆகவே நுவரெலியாவின் வைகறைக் குளிர் ஒன்றே நலமுள்ள, வளர்ந்த நாயின் பாதத்தைக் கெடுத்துவிடும் என அஞ்ச வேண்டியதில்லை. வடதுருவ நாடுகளில் நாயின் காதுநுனியும் விரல்களும் உறைந்து அழுகுவதுபோன்ற கேடு இங்கே அரிதினும் அரிது.

அப்படியாயின் மலைநாட்டு நாயை வருத்துவது யாது? ஈரம். ஆண்டின் பெரும்பகுதி மழையும் மூடுபனியும் நிலவும் இம்மலைகளில் நாயின் பாதம் உலர்வதற்கு இடமே வாய்ப்பதில்லை. ஓயாது நனைந்த தோல் ஊறி மென்மையாகின்றது. விரலிடைகளில் சிவப்பும் கசிவும் தோன்றுகின்றன. நாய் அவ்விடத்தை நக்கிக்கொண்டேயிருக்க, புண் ஆழமாகின்றது. லயத்து நாய்களுக்குப் பெரும்பாலும் குட்டை மயிரே உண்டு. நனைந்த மயிர் உடற்சூட்டைக் காக்கமாட்டாது. நனைந்த உடலோடு சீமெந்துத் தரையில் இரவு முழுவதும் கிடக்கும் கிழநாய், மறுநாள் எழும்போது பின்னங்காலை இழுத்து நடப்பதற்கு முதுமை மாத்திரம் காரணமன்று. பிறந்து இரண்டு, மூன்று கிழமையே ஆன குட்டிகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. தம் உடற்சூட்டைத் தாமே காக்கும் ஆற்றல் அவற்றுக்கு இன்னும் வந்திராது. தாய் இரைதேடிச் சென்ற ஒரு சாமத்துக்குள் அவை விறைத்துவிடக்கூடும்.

இம்மலைகளில் நாய்கள் எல்லாம் ஒரேவிதமாக வாழ்ந்தன அல்ல. 1848இல் நுவரெலியாவிலே குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், வேட்டைநாய்க் கூட்டமொன்றையும் தம்மோடு கொணர்ந்து மரை வேட்டையாடினார். தாம் வளர்த்த நாய்களின் பெயர்களையும் வீரத்தையும் மரணத்தையும் அவர் தம் நூலில் விரிவாக எழுதிவைத்தார். கில்பக், ஸ்மட் என்னும் நாய்களை இன்றும் அந்நூல்வழி அறியலாம். பின்வந்த துரைமாரின் பங்களாக்களிலும் நாய்களுக்குத் தனிக்கூடும் கணப்பருகே இடமும் இருந்தன. அவற்றைக் குளிப்பாட்டித் துவட்டும் வேலை பங்களா வேலையாட்களுடையது. அவ்வேலையை முடித்துவிட்டு அவர்கள் திரும்பிச் சென்ற லயத்துக் காம்பிரா, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினது. ஒரு குடும்பமே கால்நீட்ட இடம் போதாத அக்காம்பிராவுக்குள் நாய்க்கு இடம் எங்ஙனம் வாய்க்கும்? இஸ்தோப்பின் ஒரு மூலை, அல்லது அடுப்படி, இவையே அதன் படுக்கை.

அடுப்படியைப் பற்றி ஒரு சொல். அடுப்பிலே பூனை உறங்குகிறது என்றால் அவ்வீட்டில் உலை ஏறவில்லை என்பது தமிழ் வழக்கு. லயத்தில் நாய் அடுப்போரம் உறங்குவது அதற்கு நேர்மாறான செய்தியைத் தருகின்றது: கவ்வாத்து மிலாறு எரிந்திருக்கின்றது, சாம்பலில் இன்னும் கதகதப்பு இருக்கின்றது. ஆனால் அச்சாம்பலில் ஒரு தீங்கும் உண்டு. விறகுச் சாம்பல் காரத்தன்மை உடையது. மழையில் நனைந்த பாதத்தோடு நாய் அதன்மேல் படுக்குமாயின், சாம்பல் கரைந்து தோலை அரிக்கும். பாத மெத்தையில் வெடிப்பு விழும். வெளியிலிருந்து வந்ததும் காலைத் துடைத்து உலர்த்திய பின்னரே நாயை அடுப்படிக்கு விடவேண்டும் என்பது இதனாலாகும்.

கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில், கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருத்தி இதனை எந்நூலையும் கல்லாமலே செய்துவந்தாள். மாலையில் நாய் திரும்பியதும் வெந்நீரில் பிழிந்த துணியால் அதன் நான்கு பாதங்களையும் துடைப்பாள். விரலிடையில் ஒட்டிய அட்டையைக் களைவாள். வெடிப்பிருந்தால் தேங்காயெண்ணெயைச் சிறிதளவே தொட்டுத் தடவுவாள். மிகுதியாகப் பூசினால் நாய் நக்கி வயிறு கழியும் என்பதும் அவள் அறிந்ததே. தரையோடு படாதவாறு பலகைத் துண்டொன்றின்மேல் உலர்ந்த மானாப்புல்லைப் பரப்பி, அதன்மேல் தன் பழைய கம்பளியில் பாதியைக் கிழித்து விரித்திருந்தாள். மருமகளுக்கு இது பொறுக்கவில்லை.

“மனுசருக்கே போர்வை பத்தல. நாய்க்குக் கம்பளி விரிக்கிறீங்களே அத்தை!”

“அதுவும் வெறுங்காலோடதான தாயி எங்கூட மலையேறுச்சு” என்றாள் கிழவி.

மருமகளின் சினத்தைக் குறைகூறுதல் பொருந்தாது. கம்பளி என்பது மலையகத்தில் வெறும் போர்வையன்று. கோப்பிக் காலத்திலிருந்தே தென்னிந்தியாவிலிருந்து வந்திறங்கிய தொழிலாளிக்குக் கம்பளி கொடுக்கப்பட்டது. அதன் விலை அவன் பெயரிலே கடனாக ஏறியது. வேலை தொடங்குமுன்னரே கடனாளியாக்கிய பொருள்களுள் அதுவும் ஒன்று. அக்கடனோடு தொழிலாளியைக் கைமாற்றிய துண்டு முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக உழைத்துக் கடன் தீர்த்த துணியின் பாதியை நாய்க்குக் கொடுப்பது பெருமைக்குரிய செயலா, பேதைமையா?

இவ்வினா தமிழுக்குப் புதியதன்று. ஆவியர் குடியில் தோன்றிய பேகன், குளிரால் நடுங்குவதாகக் கருதி மயிலுக்குத் தன் போர்வையை அளித்தான். அவனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகப் போற்றிய மரபே, அச்செயலில் கொடைமடத்தையும் கண்டது. உண்மையில் மயிலுக்குப் போர்வையால் பயனில்லை; அதன் தோகையே அதற்குப் போதும். போர்த்திக்கொள்ளும் வகையும் அது அறியாது. கிழவியின் கொடையிலே மடம் இல்லை என்பதே துணிபு. உலர்ந்த படுக்கையை நாய் தானே மிதித்துக் குழியாக்கி, மூக்கை வாலுக்குள் புதைத்துச் சுருண்டுகொள்கின்றது. கொடுக்கப்பட்டது அதற்கு வேண்டியது, வேண்டிய அளவினது. இன்று நகர்க் கடைகளில் விற்கப்படும் வண்ணச் சட்டைகளையும் சப்பாத்துகளையும் நாய்க்கு அணிவித்து நுவரெலியா வாவிக்கரையில் உலாவருவோரை நோக்கும்போதே பேகனின் நினைவு வருகின்றது. மலைநாட்டு மழையில் அச்சப்பாத்து நீரைத் தேக்கிவைத்துப் பாதத்தை மேலும் ஊறவைக்கும்.

சப்பாத்து இன்றியமையாததாகும் நாடுகளும் உள. 1925ஆம் ஆண்டில் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டையடைப்பான் நோய் பரவியபோது, 20 ஓட்டுநர்கள் நாய்வண்டிகளில் கைமாற்றிக் கைமாற்றி 674 மைல் தூரம் மருந்தைக் கொண்டுசேர்த்தனர். அத்தகைய நெடும்பயணங்களில் கூரிய பனிக்கட்டி பாதத்தைக் கிழிக்கும். விரலிடை மயிரில் பனி உருண்டு கல்லாக இறுகும். 1973இலிருந்து அங்கு நடைபெற்றுவரும் இடிட்டரோட் ஓட்டப்போட்டியில் ஒவ்வொரு நாய்க்கும் துணிச்சப்பாத்துகள் கொண்டுசெல்லுதல் விதியாகும். ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய ரொறன்ரோவில் கேடு வேறு வடிவில் வருகின்றது. வீதியில் உறைந்த பனியை உருக்க உப்பு தூவுகின்றனர். கல்சியங் குளோரைட்டு தூவப்படும் இடங்களில், அது ஈரத்தில் கரையும்போது வெப்பமும் வெளிப்படும். வெடித்த பாதத்தில் அவை எரியும்; நக்கினால் வயிற்றையும் கெடுக்கும். அங்கே நாய் வளர்க்கும் தமிழர் வீட்டுவாசலில் வெதுவெதுப்பான நீரும் துணியும் வைத்துக்கொண்டு செய்வதும், கந்தப்பளைக் கிழவி சாம்பலுக்கு அஞ்சிச் செய்ததும் ஒன்றேயாம்.

அட்டைக்கு உப்பிடுவதும் சுண்ணாம்பு தடவுவதும் தோட்டத்துப் பழைய வழக்கம். மனிதர் காலில் இவற்றால் பெருந்தீங்கில்லை; நாய் நக்குமாதலின் விரலால் பக்கவாட்டில் நெம்பி எடுப்பதே நன்று. சொறிபிடித்த நாய்மேல் மண்ணெண்ணெயையோ வண்டியின் கழிவெண்ணெயையோ ஊற்றும் வழக்கத்தை மட்டும் வன்மையாகக் கண்டிக்க வேண்டும். அவை தோலைப் பொசுக்கி உடலினுள்ளும் நஞ்சாகும். உள்ள மயிரும் உதிர்ந்த நாயைப் பின்பனி எளிதில் வென்றுவிடும்.

பாதத்தின் வழியாகவே வரும் மற்றொரு பகையைக் கூறாமல் இப்பொருள் முடியாது. கொக்கிப்புழு ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் ஏறுவது. அது குருதியை உறிஞ்ச உறிஞ்ச, தொழிலாளி வெளிறிச் சோர்ந்தான். அச்சோர்வு சோம்பல் எனப் பெயர்பெற்றது. அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் 1916இல் இலங்கையில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்புப் பணி, மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலேயே முதலில் நடைபெற்றது. உயர்மலையின் குளிரில் இப்புழுவின் முட்டையும் குஞ்சும் நன்கு வளர்வதில்லை. தாழ்ந்த, வெதுவெதுப்பான தோட்டங்களே அதற்கு வாய்ப்பானவை. அவ்வகையில் நுவரெலியாக் குளிர் அங்குள்ளோர்க்குச் சிறிது துணைசெய்தது எனலாம்.

இப்புழுவினத்துள் ஒன்று நாய், பூனை, மனிதர் ஆகிய மூவகை உயிரின் குடலிலும் வாழவல்லது. லூஸ் என்னும் அறிஞர் 1911ஆம் ஆண்டில் இலங்கையின் மரநாயொன்றிலிருந்து பெற்ற அதனை விவரித்து, அன்கிலோஸ்டோமா சிலானிக்கம் எனப் பெயரிட்டார். இலங்கையின் பழைய ஆங்கிலப் பெயரையே அது தாங்கியுள்ளது. நாயின் காலுக்கும் அதன்பின்னே நடக்கும் பிள்ளையின் காலுக்கும் அது வேற்றுமை பாராட்டுவதில்லை. நாய்க்குப் புழுமருந்து கொடுப்பதும், வாசலைச் சுற்றிய மண்ணை ஈரமின்றி வைத்திருப்பதும், நாயின் மலத்தை அகற்றுவதும் அவ்வீட்டுப் பிள்ளைக்குச் செய்யும் காவலேயாகும்.

2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர், ஏற்கெனவே கட்டப்பட்டுவந்த 4,000 வீடுகளுக்கு மேலாக இன்னும் 10,000 வீடுகளை மலையகத்துக்கு அறிவித்தார். தனிவீடு பெற்ற குடும்பங்கள் பல. நூறாண்டு கடந்த லயங்களில் இன்றும் வாழ்வோரும் பலர். அங்கே மழைநாளில் கூரைத்தகரம் ஒழுகும் இடத்தில் முதலில் பாத்திரம் வைக்கப்படுகின்றது. பின்னர் பிள்ளைகளின் பாய் நகர்த்தப்படுகின்றது. எஞ்சிய உலர்ந்த முழ இடத்தைத் தேடி நாய் வருகின்றது.