நடுநாட்டுப் பிரயாணம் – 6: காடவர்கோன் கண்ட இராச்சியம்

கண்டாச்சிபுரத்து இராமநாதீசுவரரைத் தரிசித்துவிட்டுத் தென்மேற்காகப் புறப்படுகிறவர்கள், அறகண்டநல்லூரைத் தாண்டித் தென்பெண்ணையைக் கடந்து திருக்கோவலூரை அடையும்வரை, தாங்கள் செல்வது மலையமான்களின் பூமி என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சங்கப் புலவர் கபிலரால் பாடப்பெற்ற மலையமான் திருமுடிக்காரியின் காலம் முதல், சோழப் பேரரசின் அந்திக்காலம் வரையில், அந்தப் பெயரைத் தாங்கிய தலைவர்கள் இங்கே ஆண்டார்கள். முதலாம் இராசராசனை ஈன்ற வானவன்மாதேவி அவர்கள் குலத்தில் தோன்றியவள். திருக்கோவலூர்த் திரிவிக்கிரமப் பெருமாளின் ஆலயத்தைக் கற்றளியாக எடுப்பித்த நரசிங்கவர்மனும் அவர்களுள் ஒருவன். பேரரசர்களுக்குப் பெண் கொடுத்தும் படையுதவி செய்தும், தம் எல்லைக்குள்ளே கோயிலும் ஏரியும் பேணியும் வாழ்ந்த அந்தச் சிற்றரசுக்கு, சக்கரவர்த்தி என்று பெயர் சூட்டிக்கொள்ளும் ஆசை ஒருநாளும் எழுந்ததாகத் தெரியவில்லை.

அந்த ஆசை எழுந்தது காடவர்களுக்கு. அவர்கள் தலைநகராகிய சேந்தமங்கலத்தைக் காணவே நான் திருக்கோவலூரில் அதிகம் தங்காமல் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் பஸ் ஏறினேன்.

பல்லவ வமிசத்தில் வந்தவர்கள் என்று உரிமை கொண்டாடிய காடவர்கள், நெடுங்காலம் சோழர்களுக்கு அடங்கிய அதிகாரிகளாகவே இருந்தவர்கள். மூன்றாம் இராசராசன் காலத்தில் சோழ சாம்ராச்சியம் தளர்ந்து, தெற்கே பாண்டியர்களும் மேற்கே போசளர்களும் கை நீட்டத் தொடங்கிய சமயத்தில், இடையில் அகப்பட்ட இந்த நடுநாட்டிலிருந்து கோப்பெருஞ்சிங்கன் என்னும் காடவர்கோன் தலையெடுத்தான். பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியனை வென்ற அதே தெள்ளாற்றில், சோழனை எதிர்த்துப் போர்புரிந்து வெற்றி கொண்டு, அவனை அமைச்சர்களோடு பிடித்துச் சேந்தமங்கலத்துக் கோட்டையில் சிறை வைத்தான். 1231-ஆம் ஆண்டை ஒட்டி நடந்த இச்செய்தி, துவாரசமுத்திரத்தில் வீற்றிருந்த போசள மன்னன் இரண்டாம் நரசிம்மனுக்கு எட்டவே, அவன் அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன் என்னும் இரு தண்டநாயகர்களை ஏவினான்.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கெடிலக்கரைத் திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு விரிவாகச் சொல்லுகிறது. கோப்பெருஞ்சிங்கனின் ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர் சொல்லி, அவற்றைச் சுட்டதையும், மரங்களை வெட்டியதையும், பெண்டிரைப் பிடித்ததையும், கொள்ளையிட்டதையும் அது வெற்றிச் செய்தியாகவே எடுத்துரைக்கிறது. படை சேந்தமங்கலத்தை நெருங்கியபோது காடவன் சமாதானம் பேசிச் சோழனை விடுவித்தான். சோழனுக்கு அரசு திரும்பிற்று. கோப்பெருஞ்சிங்கனுக்கும் உயிரும் நாடும் மிஞ்சின. அந்த ஊர்களில் எரிந்த வீடுகளுக்கு யார் ஈடு கொடுத்தார்கள் என்பதை மட்டும் எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

1243-இல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் கோப்பெருஞ்சிங்கன் இன்னும் உயர்ந்தான். சகலபுவனச் சக்கரவர்த்தி என்று விருது பூண்டான். தில்லையின் கிழக்குக் கோபுரம் அவன் திருப்பணி. ஆந்திரதேசத்துத் திரிபுராந்தகத்திலும் திராட்சாராமத்திலும் அவன் சாசனங்கள் உள்ளன. ஆயினும் சடையவர்மன் சுந்தரபாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு, யானைகளையும் குதிரைகளையும் பொருளையும் கைப்பற்றி, நாட்டை மட்டும் கருணையாகத் திருப்பிக் கொடுத்தபோதே அந்தச் சக்கரவர்த்திப் பட்டத்தின் பொருள் தேய்ந்துவிட்டது. 1279-க்குப் பின் காடவ இராச்சியம் பற்றிப் பேச்சில்லை. அதே ஆண்டோடு, அவர்கள் சிறையிட்ட சோழனின் குலத்தில் கடைசியாக ஆண்ட மூன்றாம் இராசேந்திரனும் சரித்திரத்திலிருந்து மறைகிறான். இருவர் மண்ணும் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் வசமாயிற்று.

ஐரோப்பாவில் பிரான்சுக்கும் ஜெர்மானிய சாம்ராச்சியத்துக்கும் நடுவே பர்கண்டி என்றொரு நாடு இதே விதமாக எழுந்து மறைந்தது. 1363 முதல் நான்கு கோமகன்கள் அதைச் செல்வத்திலும் கலைகளிலும் அரசர்கள் பொறாமைப்படும்படி வளர்த்தார்கள். அவர்களில் கடைசியானவனாகிய சார்லஸ், 1473-இல் சக்கரவர்த்தியிடம் மன்னர் மகுடம் வேண்டி ஏமாந்து, 1477 ஜனவரியில் நான்சிப் போர்க்களத்தில் மாண்டான். உடனே பிரான்சு ஒரு பாதியையும், அவன் மகளின் திருமணத்தால் ஆப்ஸ்பர்க் வமிசம் மறுபாதியையும் எடுத்துக்கொண்டன. இரு பெரும் வல்லமைகளின் இடையே இருக்கிறவனுக்கு அவை தளரும்போது கிடைக்கும் வாய்ப்பை, நிரந்தரமான சொந்த பலமென்று கொண்டதே அங்கும் இங்கும் விளைந்த கேடு.

சேந்தமங்கலத்தில் இன்று ஆபத்சகாயேசுவரர் என்று வழிபடப்படும் இறைவனின் கோயில், கல்வெட்டுகளில் வாணிலைகண்டீச்சரம் எனப்படுவது. கோட்டை போன்ற அதன் மதிலும், மண்டபத்தருகே நிற்கும் கற்குதிரைகளும் காடவர்களின் கைத்திறத்துக்குச் சாட்சியாக இருக்கின்றன. அவற்றைப் படைத்த சிற்பிகளை நான் மனமார வணங்கினேன். அந்தக் குலத்தின் வீரத்தையும் மறுக்கவில்லை. ஆனால் நாட்டைப் பெருக்கியவர்கள் ஐம்பது ஆண்டும் நிலைக்காமல் போக, நாட்டைக் காத்தவர்கள் பல நூற்றாண்டுகள் நிலைத்தார்கள் என்ற இந்தப் பாடத்தை, நடுநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு நாம் பள்ளியிலேயே சொல்லித் தரவேண்டும். மன்னர்களின் விருதுகளோடு, சுடப்பட்ட ஊர்களின் பெயர்களையும் அவர்கள் படிக்கவேண்டும். அந்தப் பெயர்களைக் கல்லிலேயே காண்பதற்காக, அடுத்த கட்டுரையில் திருவயிந்திரபுரம் செல்வோம்.