பின்னறைக்கு ஏற்ற பெட்டி

கூடத்து ஸ்பீக்கர் விருந்தாளிகளுக்கு. பின்னறை ஸ்பீக்கரை வாங்கும்போது அங்கே யார் கேட்கப்போகிறார் என்று யோசிக்க வேண்டும்.

தில்லியில் எங்கள் வீட்டுப் பின்னறை பத்தடிக்கு ஒன்பதடி. அங்கே இருப்பவர் 82 வயது அப்பா. முதுமையில் காது முதலில் இழப்பது உயர் அதிர்வெண் ஒலிகளை. 'ச', 'த' போன்றவை மங்கிவிடும். குரல் கேட்கும், சொல் பிடிபடாது. கூடத்தில் எல்லோரும் சிரித்தபின் ஒரு நொடி தாமதமாகச் சிரிக்கத் தொடங்கியிருந்தார் அப்பா. பிறகு கூடத்துக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்.

கடைக்காரர்கள் வாட் கணக்கு சொல்வார்கள். வாட்டை இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபல்தான். சின்ன அறைக்குச் சின்னப் பெட்டி போதும். 1970களில் ஒலிபரப்பு வண்டிகளுக்காக பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஓரடி உயரம்தான். குரல் தெளிவுக்கு இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

பின்பக்கம் காற்றுத் துளையுள்ள பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் கும்மென்ற கார்வை பேச்சை விழுங்கிவிடும். அலமாரிக்கு மூடிய பெட்டியோ முன்துளைப் பெட்டியோ நல்லது. ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும். ஆம்ப்ளிஃபயர் உள்ளடங்கிய ஜோடி என்றால் செலவும் மிச்சம்.

ஸ்பீக்கர் காதுக் கருவிக்கு மாற்றாகாது. ஆனால் கேட்கப்போகிறவரையே கடைக்கு அழைத்துப் போகலாம். அதிரும் சினிமாப் பாட்டை நிறுத்தச் சொல்லி, ஒரு செய்தி அறிக்கையையும் பழைய கச்சேரிப் பதிவையும் போடவைத்தேன். மூன்று ஜோடிகளில் விலை குறைந்ததையே அப்பா கைகாட்டினார்.

"இதுலதான் பாடறவர் சாகித்யத்தை முழுங்கலை."