வில்லும் சுரைக்குடுக்கையும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதற்குள் எத்தனை இசை! மார்கழி விடியலில் ஒலிபெருக்கிகளில் திருப்பாவை. ஆண்டாள் கோயிலில் குழித்தாளம் தட்டிப் பாசுரத்தை அபிநயிக்கும் அரையர். ராஜபாளையத்தில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்களின் தாலாட்டு. மாதா கோயில் பாடகர் குழு. செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் பளியர் பாட்டு. ஊர்ப் பொங்கல் வந்துவிட்டால் வில்லுப்பாட்டு. இவற்றில் ஒன்றாவது காதில் ஏறாமல் வளர்ந்த பிள்ளை எங்கள் பக்கத்து வகுப்பறையில் கிடையாது. ஆனால் பாட்டு பீரியட் என்றால் தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு தேசபக்திப் பாடல், ஆண்டு விழா நெருங்கினால் ஒரு சினிமாப் பாட்டு.

உலக நாடுகளின் இசையைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய நினைத்தபோது நான் வில்லைத்தான் முதலில் எடுத்தேன். வில்லுப்பாட்டில் சாத்தூர் பிச்சைக்குட்டி பெயர் எடுத்த மண் இது. மணிகள் கோத்த நீண்ட வில், அதை அணைத்துக் கட்டிய மண்குடம், வீசுகோல், உடுக்கை, ஜால்ரா. பாட்டனார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட பிள்ளைகள் இருந்தார்கள். அதன் பிறகு திரையில் பிரேசில் நாட்டுப் பெரிம்பாவைக் காட்டினேன். அதுவும் வில்தான். குடத்துக்குப் பதில் ஒரு சுரைக்குடுக்கை. வாசிப்பவர் அதன் திறந்த வாயை வயிற்றோடு ஒட்டியும் விலக்கியும் ஓசையை மாற்றுகிறார். இடக்கையில் ஒரு காசோ கூழாங்கல்லோ. அதைக் கம்பியில் அழுத்தினால் சுருதி ஏறுகிறது. வலக்கையில் மெல்லிய குச்சி, கூடவே விதைகள் குலுங்கும் சிறு கூடை.

"நம்மகிட்ட இருந்துதானே சார் இது அங்க போச்சு?" என்று ஒரு பையன் கேட்டான். அவன் மட்டுமா கேட்கிறான், பெரியவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். இல்லை என்று தெளிவாகச் சொன்னேன். வேட்டைக்கு வில் பிடித்த மனிதர்கள் உலகெங்கும் இருந்தார்கள். அம்பு பறந்த பின் நாண் அதிர்வதை அவரவர் காதால் அவரவர் கேட்டார்கள். பெரிம்பாவின் மூதாதை ஆப்பிரிக்காவில், அங்கோலா பக்கத்தில் இருக்கிறது. அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் நினைவில் அது பிரேசிலுக்குப் போனது. அங்கே கபொய்ரா என்னும் சண்டை ஆட்டத்துக்கு அதுவே தலைமை. வில்லின் தாளம் வேகமெடுத்தால் ஆடுபவர்களும் வேகமெடுக்க வேண்டும். 1888-ல் பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது. இரண்டே ஆண்டுகளில், 1890-ல், கபொய்ரா ஆடுவதைக் குற்றம் என்று சட்டம் போட்டார்கள். அதே ஆட்டத்தின் வட்டத்தைத்தான் 2014-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது. இந்தக் கதையைச் சொல்லாமல் ஓசையை மட்டும் கேட்கவைத்தால் பிள்ளைகளுக்கு அது வேடிக்கைப் பொருளாக நின்றுவிடும்.

ஒற்றுமையைக் கண்டுபிடிப்பது எளிது. வித்தியாசத்தில்தான் காது கூர்மையாகிறது. நம் வில்லில் நாண் தாளத்துக்கு. கதை சொல்பவர் வாயில் இருக்கிறது ராகம். அவர் ஒரு வரி முடிக்க, பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" போட வேண்டும். பெரிம்பாவில் கம்பியே இரண்டு சுருதி பேசும். பிள்ளைகள் மூங்கிலை வளைத்து, பழைய டயரை அறுத்து எடுத்த கம்பியைக் கட்டி, காய்ந்த சுரைக்குடுக்கையைப் பொருத்திச் செய்து பார்த்தார்கள். பிரேசிலிலும் டயர்க் கம்பிதான் என்று தெரிந்ததும் அவர்களுக்கு வந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

நம்மிடமிருந்து உண்மையிலேயே போன பாட்டும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். பாங்காக்கில் அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் நடத்தும் விழாவுக்கு த்ரீயம்பவாய் த்ரீபவாய் என்று பெயர்: திருவெம்பாவை, திருப்பாவை. வடிவம் மாறிப்போன பழந்தமிழ்ப் பதிகங்கள் அங்கே இன்றும் ஓதப்படுகின்றன. விழாவோடு சேர்ந்திருந்த பெரிய ஊஞ்சல் ஆட்டம் 1935-ல் நின்றுபோனது; ஊஞ்சல் தூண்கள் நிற்கின்றன. ஒப்புவித்தல் போட்டிக்காக முப்பது பாசுரத்தையும் மூச்சு விடாமல் சொல்லும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைக்கு இது தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம்மிடம் வந்து சேர்ந்த இசைக்கு எட்டயபுரம் போதும், பக்கத்தில்தான் இருக்கிறது. மேல்நாட்டு வயலினைக் கர்நாடக இசைக்குப் பழக்கிய பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் அரண்மனை வித்வான். அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் மறைந்ததும் அங்கேதான். ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளுக்கு அவர் சம்ஸ்கிருதத்தில் எழுதிய நோட்டு ஸ்வரங்களைப் பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறார்கள்.

இத்தனை நாட்டு இசை வகுப்புக்குள் வந்த பிறகுதான் ராஜபாளையத்துச் சிறுமி ஒருத்தி தன் ஆத்தா பாடும் தெலுங்குத் தாலாட்டைப் பாடினாள். அதுவரை அது வீட்டுச் சங்கதி, பள்ளிக்கூடத்துக்கு ஆகாது என்று நினைத்திருந்தாள். பிரேசிலுக்கு இடம் கொடுத்த வகுப்பில் தன் வீட்டுக்கும் இடம் உண்டு என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தின் பெரிய பலன் இதுதான்.

வில்லுப்பாட்டுப் பெரியவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்திருந்தோம். பெரிம்பா படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர், "அந்தக் காசை நாண்ல எங்க வைக்கிறான், அதைக் காட்டுங்க தம்பி" என்றார். பிள்ளைகள் செய்த வில்லை வாங்கி மடியில் வைத்து, ஒரு ரூபாய் நாணயத்தை அழுத்தித் தட்டிப் பார்த்தார். இரண்டாவது சுருதி கிடைத்துவிட்டது. கைத்தொழில் தெரிந்தவருக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. இப்படிப்பட்டவர்களை ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுகிறோம். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது, நல்ல காரியம். ஆனால் போட்டிக்கு ஒரு பாட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பழகுவதோடு அது முடிந்துவிடக் கூடாது. வாரம் ஒரு மணி நேரம், மரியாதையான சம்பளத்தோடு, இந்தப் பெரியவருக்குப் பள்ளி நேர அட்டவணையில் ஒரு கட்டம் ஒதுக்க வேண்டும். வீசுகோலைப் பிடிக்க அவர் சொல்லித்தரட்டும். பெரிம்பாவைத் திரையில் காட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.