காலில் போட்டுப் பல் தேய்த்தல்

கொச்சி மட்டாஞ்சேரியில் குழந்தைகளுக்குப் பல் வைத்தியம் பார்க்க ஒரு மொழி போதாது. செறளாயியிலிருந்து கொங்கணி பேசும் அம்மா வருவார். அடுத்து குஜராத்திக் குடும்பம், பின்னாலேயே வெளி தோபிகானா பக்கத்துத் தமிழ்ப் பாட்டி. புகார் மட்டும் எல்லா மொழியிலும் ஒன்றே: "வாயைத் தொறக்கவே மாட்டேங்குது டாக்டர்." பிள்ளைக்கு வயது ஒன்றரையிலிருந்து மூன்றுக்குள் இருக்கும்.

வருகிறவர்கள் என்னிடம் எதிர்பார்ப்பது ஒரு தந்திரத்தை. எந்தப் பாட்டு, எந்த பொம்மை பிரஷ், என்ன ருசி பேஸ்ட் என்று கேட்பார்கள். நான் கேட்பது வேறு: "வீட்டில் எப்படித் தேய்க்கிறீங்க, செஞ்சு காட்டுங்க." பெரும்பாலும் வாஷ்பேசின் முன்னால் பிள்ளையை நிற்க வைத்து, முகத்துக்கு நேரே குனிந்து பிரஷ்ஷை நீட்டுகிறார்கள். பிள்ளையின் தலைக்குச் சாய இடமில்லை. பின்வாங்கும், திரும்பும். நமக்கோ வாய்க்குள் ஒன்றும் தெரிவதில்லை, குத்துமதிப்பாகத் தேய்க்கிறோம்.

வலி அங்கேதான் தொடங்குகிறது. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் நடுவில், உதட்டையும் ஈறையும் சேர்க்கும் மெல்லிய சதை நாண் ஒன்று தெரியும். பிரஷ்ஷின் பிளாஸ்டிக் முனை அதில் இடித்தால் பெரியவர்களுக்கே கண் கலங்கும். மறுநாள் பிரஷ்ஷைக் கண்டதும் பிள்ளை வாயை இறுக்கினால் அதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இடது ஆள்காட்டி விரலால் உதட்டைத் தூக்கி, அந்த நாணை விரலாலேயே மூடிக்கொண்டு தேய்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி, பிள்ளையைப் போட்டுக்கொள்ளும் விதம். இதில் எனக்குப் பாடப்புத்தகத்தைவிடப் பாட்டிகள்மேல் நம்பிக்கை அதிகம். பச்சைப் பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கைக்கு எங்கே இறுக்குவது, எங்கே விடுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளினிக் தரையில் பாய் விரித்து, "காலை நீட்டி உக்காருங்க பாட்டி. குளிப்பாட்டப் போடுற மாதிரிப் போடுங்க. தலை மட்டும் உங்க வயித்துப் பக்கம் இருக்கட்டும்" என்பேன். "இதுக்கா ஃபீஸு?" என்று ஒருவர் கேட்டார். இதற்குத்தான். தலை மடியில் பதிந்ததும் பிள்ளையின் வாய் நம் கண்ணுக்கு நேர் கீழே வந்துவிடுகிறது. கழுத்து ஆடாது. கன்னத்தின் உட்புறமாக விரலை விட்டு, கடைசிப் பல்லுக்குப் பின்னால் ஈறை லேசாக அழுத்தினால் வாய் தானாகத் திறக்கும். விரல் பல் வரிசைக்கு வெளியிலேயே இருக்க வேண்டும். நடுவில் விட்டால் கடிதான். கையையும் காலையும் உதைக்கிற பிள்ளை என்றால் இரண்டு பேர் முட்டியோடு முட்டி சேர்த்து எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் மடியில் தலையும் மற்றவர் மடியில் இடுப்பும் வரும்படி கிடத்தலாம்.

அழுதால்? அழட்டும். ஆனால் எப்போது முடியும் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பத்து என்று உரக்க எண்ணுங்கள். பத்தில் நிறுத்திவிடுங்கள், இன்னும் அழுக்கு தெரிந்தாலும். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று நீட்டுகிற வீட்டில்தான் சண்டை மாதக்கணக்கில் ஓடுகிறது. பூச்சி கடிக்கும் என்று மிரட்டுவதும் கையில் போனைக் கொடுப்பதும் எனக்குப் பிடிக்காது. போன் இல்லாத அன்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நேற்றுவரை தேய்க்கவிட்ட பிள்ளை இன்று திடீரென்று மறுத்தால் அது வேறு விஷயம். வாய்ப்புண்ணோ காய்ச்சலோ புதுக் கடைவாய்ப் பல்லோ இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

இந்த ஊர்ப் பாட்டிகளிடம் நான் மாற்றச் சொல்வது உமிக்கரியை மட்டும்தான். பால் பல்லின் எனாமல் பெரியவர் பல்லில் உள்ளதில் பாதிக் கனம்தான் இருக்கும், கரி அதைச் சுரண்டிவிடும். அதற்குப் பதில் ஃப்ளூரைடு பேஸ்ட் என்றால், "பேஸ்ட்டை முழுங்கிடுமே?" என்பார்கள். நான் தர்மபுரி மாவட்டத்துக்காரி. ஆழ்துளைக் கிணற்று நீரின் ஃப்ளூரைடால் பழுப்பேறிய பற்களைப் பார்த்தே வளர்ந்தவள். அதற்காகவே 2013-ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது. அதனால் இந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளுவதில்லை, கணக்கு சொல்கிறேன். மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு பேஸ்ட், ஏறக்குறைய 0.1 கிராம். 1000 பிபிஎம் பேஸ்ட் என்றால் அதில் 0.1 மில்லிகிராம் ஃப்ளூரைடு. முழுவதையும் விழுங்கினாலும் அவ்வளவுதான். நம் நாட்டில் ஒரு லிட்டர் குடிநீருக்கு அனுமதித்த உச்ச வரம்பே 1.5 மில்லிகிராம். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூரைடு பேஸ்ட்டை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. கார்ட்டூன் படம் போட்ட டியூப் சிலவற்றில் ஃப்ளூரைடு குறைவு, சிலவற்றில் கிடையவே கிடையாது. பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள்.

கொப்பளிக்கத் தெரியாதே என்ற கவலையும் வேண்டாம். நுரையைத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பேஸ்ட் பல்லில் தங்குவது நல்லதுதான். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருந்து டிரம்மில் பிடித்து வைக்கும் இந்தச் சந்துகளில், பல் தேய்க்கத் தண்ணீரே வேண்டாம் என்றதும் அம்மாக்கள் முகம் மலர்கிறது. குளியலறையும் வேண்டாம். கட்டில், திண்ணை, பாய், எங்கே வசதியோ அங்கே தேய்க்கலாம்.

காலையில் ஒரு நாள் தவறினால் நான் கோபிக்க மாட்டேன். இரவு தவறக் கூடாது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும், பல்லில் ஒட்டியதைக் கழுவ ஆளில்லை. தேய்த்த பிறகு பால் பாட்டிலோடு படுக்க வைத்தால் பட்ட பாடெல்லாம் வீண். மேல் முன்பற்கள்தான் முதலில் போகும். கீழ்ப் பற்களை நாக்கும் எச்சிலும் காத்துவிடுகின்றன.

இரண்டு வயதானால் "நானே" என்று பிரஷ்ஷைப் பிடுங்கும். கொடுத்துவிடுங்கள், மெல்லட்டும். உங்கள் கையில் இன்னொன்று இருக்கட்டும். ஏழெட்டு வயது வரை கடைசிச் சுற்று பெரியவருடையதுதான்.

வீட்டில் சரியாகத் தேய்க்கிறார்களா என்று நான் கேட்பதில்லை. அடுத்த முறை வரும்போது மேலுதட்டைத் தூக்குகிறேன். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கிய வெள்ளைக் கோடு இருந்தால் அரிப்பு நடந்துகொண்டிருக்கிறது. அதே கோடு வழவழவென்று பளபளத்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம். அதைப் பாட்டிக்கும் காட்டிவிடுவேன், வீட்டிலும் அவரே பார்த்துக்கொள்ளலாம்.