படித்ததாகச் சொன்ன புத்தகம்

பாமாவின் ‘கருக்கு’ நூலை நான் படித்து முடிக்கவில்லை. முடித்ததாக ஒரு வாசிப்புப் போட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். அதைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசவும் செய்தேன். குரும்பலூரில் உரக்கடை வைத்திருக்கிறவன் இவ்வளவு படிக்கிறானே என்று மெச்சி, தோளில் துண்டு போட்டார்கள். அதை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

போட்டி இதுதான். வருடத்துக்கு இத்தனை புத்தகம் என்று இலக்கு வைத்துப் படிக்கிற பழக்கம் இப்போது உலகம் முழுக்க இருக்கிறது. குட்ரீட்ஸ் என்ற வாசகர் இணையதளம் 2011 முதல் அப்படி ஒரு சவாலை நடத்துகிறது. எண்ணிக்கையை நாமே வைத்துக்கொள்ளலாம். தமிழ் வாசகர்களிடையே ‘ஆயிரம் மணி நேர வாசிப்பு’ என்று ஒரு சவாலும் நடந்தது. ஒரு வருடத்துக்குள் அதை முடிக்க நாளுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் வேண்டும், தீபாவளி, பொங்கல் உட்பட. எங்கள் வாசகர் வட்டம் எடுத்துக்கொண்டது வேறு வகை. அமெரிக்காவில் புக் ரயட் என்ற நிறுவனம் 2015-இல் தொடங்கிய ‘ரீட் ஹார்டர்’ சவாலைப் பார்த்துச் செய்தது. எவ்வளவு படித்தாய் என்று அதில் யாரும் கேட்பதில்லை. இதுவரை தொடாத எதைத் தொட்டாய் என்றுதான் கேட்பார்கள். அங்கே 24 தலைப்புகள். நாங்கள் குறைத்துக்கொண்டோம்: தலித் எழுத்து, ஈழத்து எழுத்து, பெண் எழுதிய நாவல், மொழிபெயர்ப்பு, நாடகம், அறிவியல், இன்னும் சில.

எனக்கு அது தேவைதான். அதுவரை நான் கல்கியையும் சாண்டில்யனையும் தாண்டியவனில்லை. ‘கடல் புறா’ மூன்று பாகமும் திரும்பத் திரும்பப் படித்தவன். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தில் எங்கே புரட்டினாலும் அடுத்து வருவதைச் சொல்லிவிடுவேன். அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகப் போனால் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திரன் ஆண்ட மண் எங்களுடையது என்று கடைக்கு வருகிறவர்களிடம் அளந்துகொண்டிருப்பேன். அந்த மண்ணில் யார் நாற்று நட்டார்கள், யார் வண்ணான் துறையில் நின்றார்கள் என்று நான் படித்த புத்தகம் எதுவும் சொன்னதில்லை. நானும் தேடவில்லை.

மாசி, பங்குனியில் உற்சாகமாக ஓடியது. ஆவணி பிறந்ததும் மக்காச்சோள விதைப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் கரிசல் நிலம், மானாவாரி. மழை ஒன்று விழுந்தால் டிஏபி உரத்துக்கு வரிசை நிற்கும். பருத்திக்காரர், வெங்காயக்காரர் எல்லோருக்கும் அதே அவசரம். கார்த்திகை வந்தபோது பட்டியலில் பாதி காலி.

பிறகு தந்திரம்தான். தலைப்புக்குத் தலைப்பு ஒல்லியான புத்தகமாகப் பார்த்து எடுத்தேன். சிலவற்றில் பின்னட்டை மட்டும். சிலவற்றில் முன்னுரை மட்டும். நம் பதிப்புகளில் முன்னுரைகள் தாராளமானவை; அதைப் படித்துவிட்டே ஒரு நாவலைப் பற்றிக் கால் மணி நேரம் பேசிவிடலாம், பேசியிருக்கிறேன். ஒல்லி என்பதற்காக எடுத்த, மலையாள எழுத்தாளர் பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’ மட்டும் என்னை ஏமாற்றிவிட்டது. சிரித்துச் சிரித்து, கடைசிப் பக்கம் வரை போனேன். அதில் ஆடு பஷீர் எழுதிய புத்தகங்களையே தின்றுவிடும். ஆடாவது முழுசாகத் தின்றது.

நேரம் கிடைக்கவில்லை என்று இதுவரை சொன்னது பாதி உண்மை. மீதியைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

தலித் எழுத்து என்ற தலைப்புக்கு இரண்டு புத்தகம் வாங்கியிருந்தேன். ஒன்று இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’, 1994-இல் வந்தது. காலனி மக்களுக்குத் துணி வெளுக்கிற ஆரோக்கியத்தின் கதை. பேச்செல்லாம் நம் பக்கத்துப் பேச்சு. அதை நிஜமாகவே முழுக்கப் படித்தேன், வேகமாகவும் படித்தேன். ஏன் அவ்வளவு வேகம் என்று பிறகுதான் விளங்கியது. அதில் அவளுக்குரியதைக் குறைத்துக் கொடுப்பவர்கள், அவளை அலைக்கழிப்பவர்கள், ஊராரால் ஒதுக்கப்பட்டவர்களேதான். “பாத்தீங்களா, அவங்களுக்குள்ளயே எப்படி!” என்று டீக்கடையில் ஒருவரிடம் சொன்னேன். ஒரு பெண்ணின் துயரத்தைப் படித்துவிட்டு எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொண்டேன். படிக்காமல் இருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்க மாட்டேன்.

இன்னொன்று ‘கருக்கு’. 1992-இல் வந்த தன்வரலாறு; பெரிய புத்தகம் இல்லை. அதில் எனக்கு ஒதுங்க இடமில்லை. ஆரம்பத்திலேயே, ஒரு பெரியவர் வடைப் பொட்டலத்தைக் கை படாமல், கட்டியிருந்த நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவார். சின்னப் பெண்ணாக இருந்த பாமாவுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வரும். காரணத்தை அண்ணன் சொன்ன பிறகு வராது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடினேன்.

அப்பா காலத்தில் எங்கள் கடையில் காலனிக்காரர்கள் பணத்தைக் கையில் கொடுக்கக் கூடாது. பலகையில் வைக்க வேண்டும். மீதியையும் பலகையில்தான் போடுவார். கல்லாவில் உட்கார்ந்த புதிதில் நானும் அதையே செய்தேன். அது தப்பு என்று தோன்றி நான் நிறுத்தவில்லை. ஊர் மாறியது, நானும் பேசாமல் மாறிக்கொண்டேன். இப்போது மானிய உரம் வாங்க மெஷினில் கைரேகை வைக்க வேண்டும். மண் வேலை செய்து தேய்ந்த விரலில் ரேகை எளிதில் பதியாது. விரலைப் பிடித்து நானே அழுத்துகிறேன். அப்படி விரல் பிடித்த ஒரு பெரியவர், அப்பா காலத்தில் பலகையில் காசு வைத்தவர். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்த விஷயத்தைப் பற்றி இன்றுவரை அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இந்தப் பக்கமெல்லாம் ‘கருக்கு’ திறந்துவிட்டிருக்கும். அதனால் முடித்ததாகக் குறித்துக்கொண்டு அடுத்த தலைப்புக்குப் போனேன். கடையில் ஸ்டாக் ரிஜிஸ்டர் இருப்போடு ஒத்துப்போகாவிட்டால் லைசென்ஸுக்கே ஆபத்து. வாசிப்புக்கு அப்படி ஒரு சோதனை இருந்திருந்தால் என் கடையை மூடியிருப்பார்கள்.

சோதனை நெருங்கத்தான் செய்தது. வருடக் கடைசிக் கூட்டத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்து, “கருக்குல உங்கள ரொம்பப் பாதிச்ச எடம் எது சார்?” என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். நான் வடைப் பொட்டலத்தைச் சொல்லியிருக்கலாம், அதையாவது படித்திருந்தேன். சொன்னால் பலகையையும் சொல்ல வேண்டிவரும். “அந்த மொழிதாம்மா, என்ன மொழி!” என்றேன். அவையில் தலையாட்டினார்கள். அவள் ஆட்டவில்லை. பிறகு துண்டு.

போட்டியை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பாமாவின் பெயரே என் கடைக்குள் வந்திருக்காது. இனி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எதை முடித்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். எதைப் பாதியில் மூடினீர்கள், எந்தப் பக்கத்தில் மூடினீர்கள், ஏன் என்றும் கேளுங்கள். அன்றைக்கே என்னிடம் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா? மாட்டேன். இருந்தாலும் கேளுங்கள்.