பருப்பு கூட, அரிசி குறைய

ஸ்ரீரங்கம்,
புதன்கிழமை.

அன்புள்ள தங்கச்சிக்கு,

காலைச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டேன் என்று நேற்று போனில் சொன்னாய். போனில் நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் "சரிக்கா, சரிக்கா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அவசரப்படாமல் படி.

எடையைக் குறைப்பது என்று நீ முடிவெடுத்தது சரி. அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. அம்மாவுக்கு எந்த வயதில் சுகர் வந்தது என்பது நம் இருவருக்கும் தெரியும். உன் ரத்தப் பரிசோதனையும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. நம் உடல்வாகுக்கென்று இந்திய மருத்துவர்கள் 2009-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும். வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லும் அளவைவிட இது குறைவு. நமக்குக் கை கால் ஒல்லியாக இருந்தாலும் கொழுப்பு வயிற்றில் போய்ச் சேருகிறது, சர்க்கரையும் சீக்கிரம் எட்டிப் பார்க்கிறது. தினமும் எடை மிஷினில் ஏறி இறங்குவதை விட்டுவிட்டு, மாதம் ஒருதரம் தையல் டேப்பால் இடுப்பை அளந்து குறித்து வை.

ஆனால் காலைப் பட்டினி உனக்கு ஒத்துவராது. ஊருக்குச் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். காலையில் சாப்பிட்டால்தான் உடம்பு இளைக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆஸ்திரேலியாவில் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-இல் எழுதினார்கள். காலையில் சாப்பிடாதவர்கள்தான் எடை சற்றுக் குறைவாக இருந்தார்கள். அதுவும் அரைக் கிலோவுக்கும் குறைந்த வித்தியாசம். ஆகவே ஒரு மணி வரை பசி தெரியாமல் வேலை பார்க்கிறவர்கள் தாராளமாக விடலாம். நீ அப்படிப்பட்டவளா? பத்தரைக்குக் கேன்டீனில் இரண்டு மெதுவடை, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. மத்தியானம் சோறு இரண்டு கரண்டி கூடுதல். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினதும் பஜ்ஜி. எல்லாம் நீயே என்னிடம் சொன்னதுதான். காலையில் விட்ட மூன்று இட்லியைவிட அந்த இரண்டு வடையில் கலோரி அதிகம். நாளைக்கே டாக்டர் சுகர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், அவரைக் கேட்காமல் காலையில் வெறும் வயிற்றோடு இருப்பது ஆபத்தும்கூட.

அத்தை ஏகாதசி இருக்கிறாளே, அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாய். அத்தை உபவாசம் இருப்பதை மட்டும் பார்த்தாய்; மறுநாள் பாரணையைப் பார்க்கவில்லை. துவாதசியன்று பொழுது விடிந்ததும் இலையில் என்ன விழுகிறது? அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய், பாசிப்பருப்பு. அன்றைக்குப் புளிகூடக் கிடையாது. பட்டினி கிடந்த வயிற்றுக்கு முதலில் எதைக் கொடுப்பது என்று இந்த ஊரில் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். நீ பட்டினியை வடையில் முடிக்கிறாய். அத்தையோடு உன்னைச் சேர்க்காதே.

சரி, எதைச் சாப்பிட்டால் ஒரு மணி வரை தாங்கும்? 1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் என்கிற அம்மாள் ஒரு சோதனை செய்தார். 38 வகை உணவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 240 கலோரி வருகிற அளவுக்குச் சாப்பிடக் கொடுத்து, இரண்டு மணி நேரம் வரை கால் மணிக்கு ஒருதரம் பசி எப்படி இருக்கிறது என்று கேட்டார். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால், வெறுமனே வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323. வெண்ணெய் ஊறிய குரோசான் 47-இல் நின்றுவிட்டது. முட்டைக்கு 150, ஓட்ஸ் கஞ்சிக்கு 209, பெட்டியில் வருகிற கார்ன்ஃப்ளேக்ஸுக்கு 118. அந்தப் பட்டியலில் இட்லியும் இல்லை, பொங்கலும் இல்லை. இருந்தாலும் சூத்திரம் நமக்கும் பொருந்தும். தண்ணீரும் நாரும் புரதமும் சேர்ந்து கனமாக இருப்பது வயிற்றில் நிற்கிறது. கொழுப்பு ஏற ஏற, அதே கலோரிக்குக் கிடைக்கிற நிறைவு குறைகிறது.

இதை வைத்து நம் வீட்டு இலையைப் பார். இட்லி தப்பில்லை, எண்ணெய் இல்லை, புளித்த மாவு, ஆவியில் வெந்தது. ஆனால் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று அரைத்தால் அது பெரும்பாலும் அரிசிதான். மூன்று இட்லியில் புரதம் ஆறு கிராம் தேறினால் அதிகம். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி, மேலே எண்ணெய் குழைத்த மிளகாய்ப்பொடி. பத்து மணிக்குப் பசிக்காமல் என்ன செய்யும்? பொங்கலில் பாசிப்பருப்பு இருக்கிறதே என்பாய். இருக்கிறது. கூடவே நெய்யும் இருக்கிறது. ஒரு மேஜைக்கரண்டி நெய் 120 கலோரி. திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸ் நெய் தோசையை நான் குறை சொல்லவே மாட்டேன். அது மாதத்தில் ஒருநாள் ஆசையாகப் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியது, தினசரிக் காலைக்கு ஆனதில்லை. வரகிலும் சாமையிலும் பொங்கல் வைத்தால் இளைக்கும் என்று உன் பக்கத்து வீட்டம்மா சொன்னதையும் நம்பாதே. நார் கொஞ்சம் கூடுதல், அது நல்லது. கலோரிக் கணக்கில் அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நெய்யைக் குறைக்காமல் அரிசியை மட்டும் மாற்றி என்ன பிரயோஜனம்?

நான் சொல்வது ஒன்றுதான். பருப்பைக் கூட்டு, அரிசியைக் குறை. இதற்கு அடையைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. வழக்கமாக அரிசியும் பருப்பும் சமமாகப் போடுவோம். நீ அரை டம்ளர் இட்லி அரிசிக்கு ஒன்றரை டம்ளர் பருப்பு போடு. கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, பாசிப்பருப்பு மூன்றும் அரை அரை டம்ளர், அதோடு ஒரு கைப்பிடி உளுந்து. இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஊறப்போட்டுவிட்டு, ராத்திரி சமையலோடு அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. மிளகாய் வற்றல், இஞ்சி, சீரகம், பெருங்காயம் சேர்த்துக் கொரகொரவென்று அரை. நைசாக அரைத்தால் தோசை மாதிரி விரிந்து அடையின் குணமே போய்விடும். கடித்து மெல்ல வேண்டியதாக இருந்தால்தான் நிதானமாகவும் சாப்பிடுவாய். காலையில் ஒரு பெரிய கை முருங்கைக்கீரையை உருவிப் போட்டு, சின்ன வெங்காயம் அரிந்து கல. கல் நன்றாகக் காய்ந்ததும் கனமாகத் தட்டி, நடுவில் ஒரு ஓட்டை போட்டு, அடைக்கு அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டு, மூடி போட்டு வேகவிடு. ஓரம் சிவந்து, கீரை முறுகுகிற வாசனை வந்ததும் திருப்பு. இந்த அளவுக்குப் பன்னிரண்டு அடை வரும். இரண்டு சாப்பிட்டால் பன்னிரண்டு கிராம் புரதத்துக்குக் குறையாது. மூன்று இட்லியைவிடக் கலோரி கொஞ்சம் கூடத்தான். ஆனால் பத்தரைக்கு வடை ஞாபகம் வராது. அவியலும் வெல்லமும் வேண்டாம். தக்காளிச் சட்னியோடு ஒரு டம்ளர் நீர்மோர் போதும்.

தினமும் அடை அலுத்துப் போகும். மாற்றி மாற்றிச் செய்துகொள். முழுப் பச்சைப்பயற்றை ஊறவைத்துத் தோசை, முதல் நாளே வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல், முட்டை இரண்டு அவித்துக் கூட ஒரே ஒரு இட்லி. பச்சைப்பயறு நூறு கிராமில் 24 கிராம் புரதம். காந்தி மார்க்கெட்டில் மொத்தமாக வாங்கினால் மாதம் முழுக்க வரும். சப்பாத்தி மாப்பிள்ளைக்குப் பிடிக்கும் என்றால் அதுவும் சரி. காலையில் அரிசி இல்லாமல் ஸ்ரீரங்கத்துக்காரிக்கு எப்படி என்று சொல்லாதே. துலுக்க நாச்சியாருக்காக ரங்கநாதர் கோயிலிலேயே காலையில் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கிற ஊர் இது. உனக்கு அந்த வெண்ணெய் வேண்டாம். கீரைப் பருப்புக் கடைசல் கெட்டியாக வைத்து இரண்டு சப்பாத்தி சாப்பிடு.

காபியை விடச் சொல்ல மாட்டேன். சர்க்கரையை மட்டும் பார். தினம் மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் என்றால் கிட்டத்தட்ட 120 கலோரி, நான் நெய்க்குச் சொன்ன அதே கணக்கு. இந்த வாரம் ஒன்றரை, அடுத்த வாரம் ஒன்று என்று இறங்கு. ஒரேயடியாக நிறுத்தினால் திரும்பப் பிடித்துக்கொள்வாய்.

ஓட்ஸ் வாங்கி வைத்திருக்கிறாயாமே, வீணாக்காதே. மசாலா பாக்கெட் இல்லாமல் வெறும் ஓட்ஸாக இருந்தால் பாலில் காய்ச்சி, சர்க்கரை போடாமல், வறுத்த நிலக்கடலை ஒரு கை போட்டுச் சாப்பிடு. ஆனால் உன் ஆபீசில் ஒருத்தி விற்கிறாளே, சாப்பாட்டுக்குப் பதில் கரைத்துக் குடிக்கிற மாவு, அதற்குத் தயவுசெய்து பணம் கட்டாதே. மாதாமாதம் அத்தனை பணத்தைக் கொட்டிக் குடிப்பதை எத்தனை நாள் குடிப்பாய்? நிறுத்தின மறுநாள் என்ன சாப்பிடுவது என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் அதுவே நல்ல வேகம். மகளுக்கும் காலையில் இதையே கொடு. அம்மா தட்டில் ஒன்றும் இல்லாததை அந்தக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது; நாளைக்கு அவளும் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் கிளம்புவாள். எனக்கு உன் எடையைவிட அந்தக் கவலைதான் பெரிதாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை உங்க மாமா திருவெறும்பூர் பக்கம் வருகிறார். அடைக்கான அரிசியும் பருப்பும் அளவாகக் கலந்து இரண்டு கிலோ கொடுத்தனுப்புகிறேன். கழுவி ஊறப்போட வேண்டியதுதான் பாக்கி. முருங்கைக்கீரை உங்கள் தெருவிலேயே கிடைக்கும். முதல் நாள் அடை சாப்பிட்டுவிட்டு எத்தனை மணிக்குப் பசித்தது என்று எனக்குப் போன் பண்ணிச் சொல். பன்னிரண்டுக்கு முன்னாலேயே பசித்தால் கடலைப்பருப்பை இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா